நாள்தோறும் செய்வதன் ஏற்றம்

ஆசமனம் செய்பவர் உள்ளங்கையில் ஏற்கும் தீர்த்தத்துக்கு சாஸ்த்ரம் ஓர் அளவு விதித்திருக்கிறது. ஓர் உளுந்து முழுகும் அளவு நீர் என்பது அது. குடம் குடமாகக் கொட்டிக் கழுவினாலும் போகாத அழுக்கு மனத்தில் இருக்க, இத்துணைச் சிறிய நீர் என்ன செய்துவிடும் என்ற ஐயம் இளையோர்க்கு எழுவது இயல்பே. நீரைப் பற்றியதாகத் தோன்றும் இந்த ஐயம் உண்மையில் மனிதனைப் பற்றியது. தன் ஸ்வபாவத்தைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவனுக்கு ஒரு நாள் செய்யும் பெரிய காரியம் உதவுமா, நாள்தோறும் செய்யும் சிறிய காரியம் உதவுமா என்பதே ஆராயத்தக்கது.

உத்ஸவ காலங்களில் பெரிய ஸங்கல்பங்கள் பிறக்கின்றன. கருட ஸேவையைக் கண்டு கண்ணீர் பெருக்கிய அன்பர், இனிக் கோபம் கொள்வதில்லை, பிறரைக் குறை கூறுவதில்லை என்று தமக்குள் உறுதி செய்துகொள்கிறார். அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆயினும் கொடியிறக்கம் ஆகிப் பந்தலும் பிரித்த மூன்றாம் நாள், காபியில் சர்க்கரை குறைந்ததற்காக இல்லத்தாரிடம் எரிந்து விழுகிறார். மார்கழி முப்பது நாளும் விடியுமுன் நீராடித் திருப்பாவை ஸேவித்தவர்களில் பலர், பொங்கல் கழிந்ததும் பழையபடி போர்வைக்குள் புகுந்துவிடுகிறார்கள். இவர்களிடம் பக்தி குறைவு என்று சொல்லுவது அபசாரமாகும். குறை வேறிடத்தில் இருக்கிறது.

மனிதனை நடத்துவது பெரும்பாலும் அவனுடைய தீர்மானம் அன்று, வாஸனையே. கண் விழித்ததும் கைப்பேசியைத் தேடும் கை எந்த நாளில் அதற்கு ஸங்கல்பம் செய்துகொண்டது? ஒருவரும் பொய்யனாவது என்று நிச்சயித்துப் பொய்யனாவதில்லை. வாசலில் வந்தவரிடம் “ஐயா வீட்டில் இல்லை” என்று சொல்லச் செய்வதில் தொடங்கி, அணு அணுவாகவே அந்த வழி தேய்ந்து பாதையாகிறது. தீயது அவ்வாறு சேருமாயின், நல்லதும் அவ்வாறே சேர வேண்டும் என்பதில் வியப்பில்லை. மனத்தை அடக்குவது காற்றைப் பிடிப்பது போன்றது என்று அர்ஜுனன் முறையிட்டபோது, கீதாசார்யன் அதை மறுக்கவில்லை. கடினமே என்று ஒப்புக்கொண்ட பின்னரே அப்யாஸத்தையும் வைராக்யத்தையும் உபாயமாக அருளினான். அப்யாஸம் ஊன்றுவதற்கு நெடுங்காலம், இடைவிடாமை, ஆதரம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பதஞ்ஜலியின் கொள்கை. செயல் பெரியதாக இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை.

ஸந்த்யாவந்தனத்தை அமைத்த மஹரிஷிகள் மனித ஸ்வபாவத்தை எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இரண்டு விஷயங்களைக் காட்டலாம். முதலாவது, அதன் ஸங்கல்பம். வாழ்நாள் முழுவதும் செய்யப் போகிறேன் என்று அதில் ஒருவரும் சொல்வதில்லை. இந்தக் காலை ஸந்த்யையை உபாஸிக்கிறேன் என்ற அளவே. நாளைக்கு நாளைய ஸங்கல்பம். இரண்டாவது, காலம் தப்பியதற்கான ப்ராயச்சித்தார்க்யம். தவறுகிறவன் தவறுவான் என்பதை முன்னமே எண்ணி, அதற்கான பரிகாரத்தைக் கர்மாவின் உள்ளேயே வைத்துவிட்டார்கள். அந்தப் பரிகாரமும் மற்றொரு கை நீரே. நேற்று விட்டுப்போயிற்றே, இனி என்ன என்று கைகட்டி அமர்வதற்கு அங்கே இடமில்லை.

உபநயனம் பெற்றவர்க்கு மட்டும் உரிய பேச்சன்று இது. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடும் கைக்கும், துளசிக்கு ஒரு செம்பு நீர் வார்க்கும் கைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் உடையவர், தைலதாரை போல் அறாத நினைவுக்கு ஸாதனங்களாக வாக்யகாரர் கூறிய ஏழை எடுத்து விளக்குகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவற்றுள் க்ரியை என்பது பஞ்ச மஹாயஜ்ஞம் முதலானவற்றைத் தன் சக்திக்கு ஏற்பச் செய்தல். சக்திக்கு ஏற்ப என்னும் இச்சொல் பெரிய ஆறுதல். அநவஸாதம் என்பது மனம் தளராமை. காலமும் இடமும் மாறுபட்டதாலும், நேர்ந்த துயரங்களை எண்ணியதாலும் வரும் சோர்வுக்கு இடங்கொடாமை. நியமத்தை விட்டவர்களை விசாரித்தால், ஒரு நாள் தவறியதால் கெட்டவர் சிலரே, தவறியதை எண்ணி எண்ணிச் சோர்ந்து கெட்டவரே மிகுதி என்பது புலப்படும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் உண்டு. மனம் எங்கோ அலைய, கை மட்டும் பழக்கத்தால் செய்யும் காரியம் யந்த்ரத்தின் காரியம் அல்லவா என்பர். ஆக்ஷேபத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மனம் எல்லா நாளும் வருவதன்று. அது வருகிற நாளில் அமர்வதற்கு ஓர் ஆசனம் வேண்டாமா? அந்த ஆசனத்தைப் போட்டு வைப்பது கை. 1017-ல் அவதரித்த எம்பெருமானார், யாதவப்ரகாசரை விட்டு நீங்கிய காலத்தில், திருக்கச்சி நம்பியின் வார்த்தைப்படி சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் பேரருளாளனுக்குச் சுமந்தார் என்று குருபரம்பரை கூறும். வேதாந்த விசாரத்தில் நிகரற்ற ஒருவர்க்குக் கிடைத்த கைங்கர்யம் நீர்க்குடம். நம்பிக்கோ திருவாலவட்டம் வீசுதல். நேற்றைய குடத்துக்கும் இன்றைய குடத்துக்கும் வேறுபாடு காண முடியாத அத்தகைய தொண்டைத்தான் பெரியோர் விரும்பி ஏற்றார்கள்.

ஆக்ஷேபத்தின் கூர்மையான பகுதி இன்னும் நிற்கிறது. நாற்பது ஆண்டு ஒரு நாளும் தவறாமல் அநுஷ்டித்தவர், எச்சில் பாத்திரம் துலக்க வருபவளை இன்னும் சுடுசொல் கூறுகிறாரே, அவரிடம் எது மாறிற்று? மறைக்காமல் சொன்னால், அவருக்கு அநுஷ்டானம் பழகியிருக்கிறது, தயை பழகவில்லை. எதைப் பழகினோமோ அதுவே வரும். ஒன்றைப் பழகினால் மற்றொன்றும் தானே வந்துவிடும் என்பதற்கு நிச்சயமில்லை. ஆகவேதான் அப்யாஸத்தோடும் க்ரியையோடும் நில்லாமல், ஸத்யம், நேர்மை, தயை, தானம், அஹிம்ஸை ஆகியவற்றைக் கல்யாணம் என்று தனியே எண்ணினார்கள். அவற்றுக்கும் உளுந்தளவு உண்டு. கடுஞ்சொல் நாவில் வந்தபோது அதை அந்த ஒரு வேளை விழுங்குவது ஓர் அளவு. பால்காரரின் கணக்கைக் கேளாமுன் தீர்ப்பது மற்றோர் அளவு.

எண்ணிக்கையில் கடைசியான அநுத்தர்ஷம், மிகையான திருப்தி கொள்ளாமை. சோர்வு தடையாவது எல்லோர்க்கும் தெரியும். மகிழ்ச்சியும் தடையாகும் என்பது எளிதில் தோன்றாது. நூறு நாள் தவறாமல் செய்தேன் என்று கணக்கு வைத்துப் பிறரிடம் சொல்லத் தொடங்கியவர்க்கு, நூற்றோராம் நாளின் தீர்த்தம் கையில் இருக்கும்போதே நினைவு கேட்பவர் முகத்தில் இருக்கிறது.