கண்டெடுத்த பொருள் யாருடையது?

கடற்கரை மணலில் ஒரு தங்க மோதிரம் புதைந்து கிடக்கிறது. போட்டவர் யாரென்று தெரியாது. எப்போது விழுந்ததென்றும் தெரியாது. ஒருவர் தம் சொந்தப் பணத்தில் கருவி வாங்கி, வெயிலில் நடந்து, குனிந்து தோண்டி அதை வெளியே எடுக்கிறார். அந்த மோதிரம் யாருக்குச் சொந்தம்? கேள்வி சிறியதுதான். ஆயினும் கொடுக்கல் வாங்கலையே ஜீவனமாகக் கொண்ட நம்மவர் ஒவ்வொருவரும் சற்றே நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

நம் குனோங் ராபாட்டுக்குக் கடல் இல்லை. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். கிந்தா பள்ளத்தாக்கு எங்கும் ஈயம் எடுத்த பின் கைவிடப்பட்ட குட்டைகள். என்றாலும் விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு லுமுட் பக்கத்துத் தெலுக் பாத்திக் கடற்கரைக்கோ பங்கோர் தீவுக்கோ போய் வருவது நமக்குப் பழக்கம். உலகின் பல கடற்கரைகளில் இன்று மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காட்டியைக் கையில் பிடித்து மணலைத் துழாவுவது பொழுதுபோக்காகிவிட்டது. நம் வாலிபர்களுக்கும் அந்த ஆசை வருமாயின் அதில் வியப்பில்லை. அந்த ஆசையில் குற்றமும் இல்லை. ஆனால் கருவியைப் பழகுமுன், கருவி காட்டப் போகும் பொருளின் நியாயத்தையும் பழகிக்கொள்வது நலம்.

இக்கருவி பொன் தேடப் பிறந்ததன்று. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேடுவதற்காக, டெலிபோனால் புகழ்பெற்ற கிரஹாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். கருவி ஒலித்தது, குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த இரும்புக் கம்பிச் சுருள்கள் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள். செப்டம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி மாண்டார். பின்னர் இரண்டாவது உலக யுத்தத்தில், போலந்து நாட்டு இஞ்சினீயர் யூசெஃப் கோசாக்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் படைவீரர்களின் உயிர் காக்கப் பயன்பட்டது. பிறர் உயிரைக் காக்க முனைந்த கருவி பிறர் உடைமையைப் பறிக்கும் கருவியாகலாமா என்பதே நம் விசாரணை.

அது வேலை செய்யும் விதத்தை அறிந்தால் நியாயமும் எளிதில் விளங்கும். தட்டிலுள்ள கம்பிச் சுருளில் மாறி மாறி மின்சாரம் ஓடுகிறது; அதைச் சுற்றிக் காந்தப் புலம் எழுகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் தோன்றுகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிரொலியைக் கருவி வாங்கிக் காதுக்குச் சப்தமாகச் சொல்கிறது. புதிதாக வாங்கியவர் முதல் நாளே கடலுக்கு ஓடக்கூடாது. வீட்டு வாசலில் ஒரு வெள்ளி நாணயம், ஓர் ஆணி, ஒரு பழைய மோதிரம் ஆகியவற்றைத் தாமே புதைத்து, இரண்டு அங்குலத்தில் ஒலி எப்படி, நான்கு அங்குலத்தில் எப்படி என்று காதைப் பழக்க வேண்டும். தட்டைத் தரையோடு ஒட்டி, மட்டமாக, அவசரமின்றி வீச வேண்டும். உப்பு நீரில் ஊறிய மணலும் இரும்புச் சத்துள்ள கறுப்பு மணலும் பொய்யொலி எழுப்பும். அவற்றுக்கு ஏற்பக் கருவியைச் சரி செய்யக் கற்க வேண்டும்.

இவற்றிலெல்லாம் பெரிய பாடம் ஒன்று உண்டு. தங்க மோதிரமும், குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் பெரும்பாலும் ஒரே விதமாகவே ஒலிக்கும். குப்பை வேண்டாமென்று அந்த ஒலியை அடைத்தால் தங்கமும் தப்பிப்போகும். பொன்னையும் குப்பையையுமே நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாத கருவி, உரியவன் யார் என்பதை எப்படிச் சொல்லும்? உலோகம் இருக்கிறது என்பது வரையில்தான் அதன் அறிவு. அதற்கப்பால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது மனிதனின் மனச்சாட்சி.

இங்கே வியாபாரியின் மனம் ஒரு வாதத்தை முன்வைக்கும். "நான் முதல் போட்டேன், பாடுபட்டேன், கிடைக்காமல் போகும் நஷ்டத்துக்கும் துணிந்தேன். முதலும் உழைப்பும் துணிவும் சேர்ந்தால் வருவதுதானே லாபம்? கிடைத்தது எனக்கு ஹலால் அல்லவா?" என்று அது கேட்கும். கடையில் இருந்து பழகிய காதுக்கு இந்த வாதம் மிக நியாயமாகவே ஒலிக்கும். ஆகவே இதைத் தட்டிக் கழிக்காமல் ஆராய வேண்டும்.

உழைப்பு உரிமையைத் தரும் இடங்கள் உண்டு என்பதை மார்க்கமே ஒப்புக்கொள்கிறது. கடலில் பிடித்த மீனும், யாருக்கும் உரிமையில்லாத காட்டில் வெட்டிய விறகும் உழைத்தவனுக்கே சேரும். அவை எந்த மனிதனுடைய உடைமையாகவும் இருந்ததில்லை. நம் முன்னோரின் ஊர்களாகிய கீழக்கரையையும் காயல்பட்டினத்தையும் நினைத்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சிப்பி எடுத்தார்கள். சிப்பிக்குள் இருந்த முத்து ஆண்டவன் வைத்தது. ஆனால் இந்த முத்தைப் பற்றியே நம் ஃபிக்ஹு அறிஞர்கள் அழகானதொரு மஸ்அலா சொல்லியிருக்கிறார்கள். வலையில் அகப்பட்ட மீனின் வயிற்றில் ஒரு முத்து இருக்கிறது. அது துளையிடப்படாத முத்தானால் மீன் பிடித்தவனுக்குச் சொந்தம். துளையிடப்பட்டிருந்தாலோ அது வேறொருவர் தவறவிட்ட பொருள். உரியவரைத் தேட வேண்டும்.

மீனும் ஒன்று, வலையும் ஒன்று, பட்ட பாடும் ஒன்று. தீர்ப்பு மட்டும் மாறுவது ஏன்? அந்தச் சிறு துளைதான் காரணம். அதில் ஒரு மனிதக் கை பட்டிருக்கிறது. யாரோ அதைத் துளைத்தார்கள், கோத்தார்கள், அணிந்தார்கள், இழந்தார்கள். மனிதக் கை பட்ட அடையாளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, உழைப்பு எவ்வளவு பெரிதாயினும் அது மற்றவருடைய உரிமையை அழித்துவிடாது. கடற்கரை மோதிரம் துளையிட்ட முத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதைத் தோண்டிய உழைப்பு மோதிரத்தை நமக்குச் சொந்தமாக்கவில்லை. நம் கையில் அமானத்தாக ஒப்படைத்திருக்கிறது.

கிந்தாவில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பூமிக்குள் இருந்த ஈயத்தை எந்த மனிதனும் இழக்கவில்லை. அப்படியிருந்தும் ஆற்றிலும் ஓடையிலும் இறங்கித் தூலாங் என்னும் மரத்தட்டில் மணலை அலசிய பெண்கள்கூட அரசாங்கத்தின் பாஸ் பெற்றே அலச வேண்டியிருந்தது. யாரும் இழக்காத பொருளுக்கே ஒரு முறை உண்டென்றால், ஒருவர் இழந்து தவிக்கும் பொருளுக்கு முறை இல்லாமல் போகுமா?

அந்த முறையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாகக் காட்டிச் சென்றிருக்கிறார்கள். ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், கண்டெடுத்த பொருளைப் பற்றி ஒருவர் வினவியபோது, அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிக்கும்படி பணித்தார்கள். பொருளை மட்டுமன்றிப் பையையும் கயிற்றையும் அறியச் சொன்னது எத்தனை நுட்பமான ஏற்பாடு! அறிவிப்பவர் எல்லா அடையாளத்தையும் வெளியே சொல்லிவிட்டால் பொய்யன் வந்து நிற்பான். ஒன்றிரண்டை மறைத்து வைத்துக் கேட்டால் உரியவன் மட்டுமே சொல்வான். மற்றொரு ஹதீஸில், கண்டெடுக்கும்போதே நேர்மையானவர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுமாறு உபதேசம் வந்துள்ளது. இன்று நல்லெண்ணத்தோடு எடுத்தவனையும் நாளை சைத்தான் வந்து கலைப்பான் அல்லவா? அதற்குத்தான் சாட்சி.

ஓராண்டு சென்றும் யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வது? நம் ஜமாஅத்தில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உண்டு. ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபி மத்ஹபினரும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், எடுத்தவர் அதைத் தம் உடைமையாக்கிக் கொள்ளலாம். ஆனால் பிற்பாடு உரியவர் வந்தால் பொருளையோ அதன் கிரயத்தையோ கொடுத்தாக வேண்டும். ஹனஃபி மத்ஹபில், எடுத்தவர் ஏழையானால் உபயோகித்துக் கொள்ளலாம். வசதியுள்ளவரானால் உரியவர் பேரில் தருமம் செய்துவிட வேண்டும். பின்னர் உரியவர் வந்தால், அந்தத் தருமத்தை ஏற்று நன்மையைத் தமதாக்கிக் கொள்ளலாம். அல்லது ஈடு கேட்கலாம். வழி இரண்டாயினும் கருத்து ஒன்றே. ஆண்டுகள் கடந்தாலும் உரியவரின் உரிமை செத்துப் போவதில்லை.

மார்க்கம் மனிதனைத் தொல்லைப்படுத்த வந்ததன்று. அற்பப் பொருளுக்கு ஓராண்டுக் காலம் கூவித் திரியச் சொல்லவில்லை. உரியவர் அதைத் தேடுவதை விட்டிருப்பார் என்று தோன்றும் காலம் வரை அறிவித்தால் போதும் என்பர். வழியில் கிடந்த பேரீச்சம் பழம் ஒன்றைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அது ஸதகாப் பொருளாக இருக்குமோ என்ற அச்சம் இல்லாவிடில் தாம் உண்டிருக்கக் கூடும் என்று சொன்னதாக ஹதீஸ் உண்டு. ஆகவே பத்துக் காசு நாணயத்தையும் பெயர் பொறித்த மோதிரத்தையும் ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

பழங்காலப் புதையல் வேறு வகை. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தார் புதைத்ததற்கு ரிகாஸ் என்று பெயர். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுக்க வேண்டும். பிறருடைய நிலத்தில் எடுத்தாலோ நிலத்துக்குரியவரின் உரிமை குறுக்கே நிற்கும். இதனோடு நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம், மரபுச் சிறப்புடையதென நம்பத்தக்க பொருளைக் கண்டவர் உடனே அதற்குரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பழைய நாணயம் ஒன்று ஒரு நாட்டின் சரித்திரத்தில் ஓர் ஏடு. கரூரில் அமராவதி ஆற்று மணலில் அகப்பட்ட காசுகள் தமிழ்நாட்டின் பண்டைய வாணிபத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கின்றன. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் ஏடு கிழிந்துபோகும்.

சாதாரணப் பொருளுக்கும் சட்டம் உண்டு. தண்டனைச் சட்டம் 403-ஆம் பிரிவின் விளக்கத்தைப் படித்தால், நம் மார்க்கத் தீர்ப்பை வேறு மொழியில் எழுதி வைத்ததுபோல் இருக்கும். காப்பாற்றி உரியவரிடம் சேர்க்கும் எண்ணத்தோடு எடுப்பது குற்றமன்று. உரியவரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமலும், நியாயமான காலம் வைத்திராமலும் தனதாக்கிக் கொள்வது குற்றம்.

"கடற்கரையில் ஆயிரம் பேர் வருகிறார்கள், யாரைத் தேடுவது? நான் எடுக்காவிட்டால் வேறொருவன் எடுத்துக்கொண்டு போவான்" என்று சிலர் சொல்லலாம். இரண்டாவது வாக்கியம் உண்மைதான். ஆகையால்தான் தன் நேர்மையில் நம்பிக்கையுள்ளவன் எடுத்துப் பாதுகாப்பது நல்லது என்றனர் அறிஞர்கள். தன் மனம் தடுமாறும் என்று அறிந்தவன் தொடாமல் போகட்டும். கருவியின் அளவைத் திருகிச் சரி செய்யுமுன் தன் மனத்தின் அளவைச் சரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். முதல் வாக்கியமோ இக்காலத்தில் செல்லாது. அந்நாளில் சந்தையிலும் பள்ளிவாசல் வெளிவாயிலிலும் நின்று அறிவித்தார்கள். இன்று போலீஸ் நிலையம் இருக்கிறது. கடற்கரைக் கடைக்காரர் இருக்கிறார். கைபேசியில் ஒரு செய்தி போட்டால் ஒரு நாளில் பேராக் முழுதும் பரவும். தேட முடியாது என்பதைவிடத் தேட மனமில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

சகோதரர்களே! நம்மில் பலர் உலோகங்காட்டியைத் தொடப் போவதில்லை. ஆனால் கண்டெடுத்த பொருள் நம் கடைக்கு நாள்தோறும் வருகிறது. மறந்து வைத்த குடை, கல்லாவில் கூடுதலாக விழுந்த பத்து வெள்ளி, மொத்த வியாபாரி தவறி அனுப்பிய ஒரு பெட்டி அதிகச் சரக்கு, பழைய கணக்கில் எவரும் வந்து கேட்காத பாக்கி ஆகியவையெல்லாம் துளையிட்ட முத்துகளே. கடற்கரையிலாவது உரியவர் யாரென்று தெரியாது. கடையில் பல சமயம் முகமும் தெரியும், முகவரியும் தெரியும். கேட்கவில்லை என்பதால் கொடுக்க வேண்டாம் என்று எண்ணுவோமாயின், மணலைத் தோண்டியவனை நாம் எப்படிக் குறை கூற முடியும்? கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, மறந்து போன பொருளையும் தேதியையும் கடைப்பையன் முன்னிலையில் எழுதி வைப்பது பெரிய செலவன்று. அது சாட்சிக்குச் சாட்சி. பையனுக்கோ பள்ளிக்கூடத்தில் கிடைக்காத படிப்பு.

கடலுக்குப் போகும் வாலிபர்களும் போகட்டும். தோண்டிய குழியை மூடட்டும். ஆணியையும் தகரத்தையும் குப்பைத் தொட்டியில் சேர்க்கட்டும். யுத்த கால வெடிகுண்டு போன்ற எதையேனும் கண்டால் தொடாமல் போலீசுக்குத் தெரிவிக்கட்டும். மோதிரம் கிடைத்தால், அதை இழந்த வீட்டில் அன்றிரவு நடந்திருக்கும் அழுகையை ஒரு கணம் நினைக்கட்டும். பொருளை உரியவரிடம் சேர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவன் நஷ்டப்பட்டவன் அல்லன். அவன் கணக்கு வேறொரு பேரேட்டில் வரவாகிறது.

பிறர் உடைமையைத் தன் உடைமைபோல் பேணும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.