ஒரு வாளித் தண்ணீரின் விலை

போன செமஸ்டர் எங்கள் ஹாஸ்டலில் மூன்று நாள் தண்ணீர் இல்லை. பழைய ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குழாயில் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை. வாளிக்கு இரண்டு ரிங்கிட் என்று மாடி ஏற்றிக் கொடுத்தேன். 32 வாளி, 64 ரிங்கிட். தூக்கின கூலிதானே, இதுல என்ன தப்பு என்று நினைத்தேன். இத்தனைக்கும் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுகிறவன் நான்.

பிறகு நீரியல் பாடத்தில் ஓர் அசைன்மென்ட் வந்தது: இன்றைய ஜோர்தானில் உள்ள பெட்ரா நகரின் நீர் அமைப்பு. அங்கே ஆண்ட நபாத்தேயர்கள் பாலைவனப் பாதையால் பணக்காரர் ஆனவர்கள். தென் அரேபியாவிலிருந்து குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் ஒட்டகத்தில் ஏறி மத்தியதரைக் கடல் பக்கம் போகும். (நம்ம வீட்டுச் சாம்பிராணிக்குச் சொந்தக்காரன் மாதிரி, குந்திரிக்கமும் ஒரு மரத்துப் பிசின்தான்.) மழை கொஞ்சம்தான், ஆனால் வந்தால் வெள்ளமாக வரும். அதை அணை கட்டி, பாறையைக் குடைந்து திருப்பிவிட்டார்கள். குடிநீரைச் சுடுமண் குழாயில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மாணவனாகப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

என்னை உறுத்தியது வேறு. தியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதுகிறார்: இவர்கள் பாலைவனத்தில் நிலத்தடித் தொட்டிகள் தோண்டுவார்கள், வாய் சிறிதாக இருக்கும், உள்ளே அகலும். மழைநீர் நிரம்பியதும் வாயை மூடி, தங்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளம் வைத்துவிடுவார்கள்.

என் குழாய்தான் ஞாபகம் வந்தது!

ஆனால் அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. கி.மு. 312-ல் அந்திகோனஸின் படை அவர்கள்மேல் பாய்ந்தது. தண்ணீர் இல்லாத இடத்துக்குள் ஓடி ஒளிவதுதான் அவர்களுடைய கோட்டை. எதிரிக்குக் கிணற்றைக் காட்டு என்று யாரும் சொல்ல முடியாது. தாகத்தோடு வருகிற வியாபாரி எதிரியா? ரோமானியரான பிளினி அந்த வாசனைப் பாதையின் செலவைக் கணக்குப் போட்டிருக்கிறார். ஓரிடத்தில் தண்ணீருக்குக் காசு, இன்னோரிடத்தில் தீவனத்துக்கு, அப்புறம் தங்குவதற்கு. கடற்கரை வந்து சேர்வதற்குள் ஓர் ஒட்டகத்துக்கு 688 தெனாரியஸ்.

சிரியாவின் பால்மைரா நகரம் வேறு மாதிரி. வரி வசூலிப்பவருக்கும் வியாபாரிக்கும் ஓயாமல் சண்டை வந்ததால், கி.பி. 137-ல் நகர மன்றம் வரிகளை எல்லாம் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் கல்லில் வெட்டி வைத்தது. ஊற்றுத் தண்ணீருக்கு வருடம் 800 தெனாரியஸ் என்பதும் அதில் இருக்கிறது. ஊற்றை அவர்கள் தோண்டவில்லை, அது தானாக வருகிறது. அதற்கும் காசா என்று எனக்குக் கோபம்தான். ஆனாலும் அது பகிரங்கமான காசு. இத்தனைதான், இதற்குமேல் கேட்டால் சண்டை போடு என்று வருகிறவனுக்கும் தெரியும்.

அப்புறம் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். குழாய் எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் என்னிடம் யார் வாங்கியிருப்பார்கள்? சோம்பேறிகள் மட்டும், அதுவும் 50 சென்னுக்கு. அந்த 50 சென் என் முதுகு சம்பாதித்தது. மீதி 1.50 நான் வாய் திறக்காததற்கு வந்தது. தொட்டி வெட்டிய நபாத்தேயனாவது உளி பிடித்தான். நான் அந்தக் குழாயைப் போடவும் இல்லை.

மூன்றாம் மாடியில் ஒரு ஜூனியர், காலில் மாவுக்கட்டு. ஆறு வாளி வாங்கியிருந்தான். அவனுக்குக் குழாய் தெரிந்திருந்தாலும் தூக்க முடியாது. அவனிடம் அந்த 50 சென்னும் வாங்கியிருக்கக் கூடாது. போன வாரம் 12 ரிங்கிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று முழித்தான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் குழாய் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டான்.