வாளும் யோபுவின் கதையும்



செப்டம்பர் 12-ம் தேதி தேவமாதாவின் திருநாமத் திருநாள். இதற்குப் பின்னால் ஓர் அரசனின் வாள் உண்டு. போலந்து தேசத்து ஜான் சோபியெஸ்கி, தகப்பன் வழியில் முடி பெற்றவரல்லர். 1674-ல் பிரபுக்கள் கூடித் தெரிந்தெடுத்த அரசர். 1683 செப்டம்பர் 12 காலையில், வியன்னாவை அடுத்த குன்றின்மேல் பூசை கண்டபின் படை நடத்தித் துருக்கியரின் முற்றுகையை முறியடித்தார். வென்றவர் சர்வேசுரனே என்று பாப்பரசருக்கு எழுதினார். பதினோராம் இன்னொசென்ட் பாப்பரசர் இத்திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் விரித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளே ஒரு போர்வீரர் உறங்குகிறார். டிலனாய் என்னும் அந்தக் கத்தோலிக்கர், ஒல்லாந்தர் சேனையில் வந்தவர். 1741-ல் குளச்சல் போரில் ஒல்லாந்தர் தோற்றபோது, மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் கையில் சிறைப்பட்டார். அரசரோ அவருடைய திறமையைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். கைதியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். பீரங்கி வார்ப்பித்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார். வடக்கே அவர் முன்னின்று பலப்படுத்திய நெடுங்கோட்டை, அவர் இறந்து 12 வருடங்களுக்குப் பின், 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது.

இவையெல்லாம் சரித்திரப் புத்தகத்துக்குப் போதும். நமக்கு வேண்டியது வேறொன்று.

அரண்மனை உத்தியோகஸ்தரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை, வீட்டில் அடுக்கடுக்காக வந்த நஷ்டங்களால் மனமுடைந்திருந்தார். அவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். டிலனாய் குருவானவரல்லர், உபதேசியாருமல்லர், பட்டாளத்துக்காரர். அக்கம்பக்கத்தில் ஒருவனுடைய பயிர் கெட்டால், மாடு செத்தால், "எல்லாம் தலைவிதி" என்று சொல்லிவிட்டு நாம் நடையைக் கட்டுகிறோமே, அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து பேசினார். 1745-ல் வடக்கன்குளத்தில் சேசுசபை புத்தாரி சுவாமியிடம் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார்.

பின்பு நடந்தது நமது குழந்தைகளுக்கும் தெரியும். எருமை மேல் ஏற்றி ஊர்வலம், அடி, சிறை. கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் துப்பாக்கிச் சூடு. தண்டித்தது யாருடைய அரசு? டிலனாய் சேவித்த அதே மகாராஜாவின் அரசு. அத்தனை பீரங்கிகளும் அந்த ஒரு சிநேகிதனைக் காக்கவில்லை. அதற்குப் பின்னும் 25 வருடம் டிலனாய் அதே சேவகத்தில் இருந்தார். அந்தத் துக்கத்தை எப்படிச் சுமந்தாரோ! வயிற்றுப் பிழைப்புக்காக மேலதிகாரியின் முன் வாய்மூடி நிற்க நேர்ந்த தகப்பன்மார் நம் பங்கில் இல்லையா? அவர்களுக்கு இது விளங்கும். நான் அவர்மேல் கல்லெறிய மாட்டேன். யோபுவின் கதையைச் சொன்னவருக்கே யோபுவின் பங்கும் வந்தது: அவருடைய 19 வயது மகன் களக்காட்டுப் போரில் மாண்டான்.

தேவசகாயத்தை 2022 மே 15 அன்று பிரான்சிஸ் பாப்பரசர் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தினார். கோட்டாறு ஆலயத்திலுள்ள அவருடைய கல்லறைக்கு நாம் தவறாமல் போகிறோம். 1777 ஜூன் 1-ந் தேதி இறந்த டிலனாய்க்கோ திருநாளும் இல்லை, கொடியேற்றமும் இல்லை. உதயகிரிக்குள் சிதைந்த கோவிலில், லத்தீனும் தமிழும் வெட்டிய கல்லின்கீழ், மனைவி மகனோடு கிடக்கிறார். தக்கலைப் பக்கம் போகிறவர்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். அந்த மூன்று ஆத்துமங்களுக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வாருங்கள்.