தோல்வியின் கணக்கு

பொழுதுபோக்குக்கெனக் கணினியின் முன் அமரும் ஒருவன், இரண்டு மணி நேரத்தின் பின்னர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுகிறான். மறுநாளும் அங்கேயே அமர்கிறான். அவன் நுகர்வது இன்பமா, துன்பமா? துன்பமெனின், அதனை ஏன் விலை கொடுத்து வாங்குகிறான்?

முறைக்கு முறை காய்நகர்த்தும் போர் ஆட்டங்களில் இவ்வினா மிகக் கூர்மை பெறுகிறது. சதுரங்கத்திற் போல, ஒரு தரப்பு நகர்த்தி முடித்த பின்னரே மறுதரப்பு நகர்த்தும். கைவேகத்துக்கு அங்கு வேலையில்லை. தோற்றவன் தன் விரல்களைக் குறைகூறித் தப்பவியலாது. ஆயின் சதுரங்கத்தில் இல்லாததொன்று இங்குண்டு. 1994ஆம் ஆண்டின் மூல ஆட்டத்தைத் தழுவி 2012இல் வெளிவந்த ‘எக்ஸ்கொம்’ ஆட்டத்தில், குண்டு குறியிற் படுவதற்கான நிகழ்தகவு சுடுமுன்னரே திரையில் தோன்றும். 90 வீதம் என்றிருக்கும், சுட்டால் தப்பும். மறு முறையில் எதிரி சுடுவான். பல மணி நேரம் பயிற்றி வளர்த்த வீரன், ஆட்டக்காரனே பெயர் சூட்டிய வீரன், மீளாது மடிவான்.

“இது அநியாயம்” என்கிறான் ஆட்டக்காரன். கணக்கைப் பார்ப்போம். 90 வீத வாய்ப்புள்ள குண்டுகள் முப்பது சுடப்பட்டால் சராசரியாக மூன்று தப்பும். முப்பதும் குறியிற் படுவதற்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்புமில்லை. தொண்ணூற்றை நூறென்று மனம் வாசித்துவிடுகிறது. திரையில் தெரிந்த எண்ணோ பொய் சொல்லவில்லை. ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தை ஆக்கிய சிட் மெயர் 2010இல் ஆற்றிய உரையொன்றில் இதனினும் சுவையான செய்தியைக் கூறினார். மூன்றுக்கு ஒன்று என்று தம்பக்கம் பலமிருக்கத் தோற்றவர்கள் முறையிட்டார்கள். அதே விகிதம் தமக்கு எதிராயிருக்க வென்றவர்களோ வாய்திறக்கவில்லை!

ஆக்கியோர் இதற்குக் கண்ட பரிகாரந்தான் நம் சிந்தனைக்குரியது. ‘எக்ஸ்கொம் 2’ (2016) ஆட்டத்தின் எளிய நிலைகளில், குறி தவறியவனுக்கு அடுத்த குண்டின் வாய்ப்பு திரையில் காட்டாமலே கூட்டப்படுகிறது. ஜப்பானிய ஆட்டமாகிய ‘பயர் எம்பிளம்’ 2002 முதல் பல பாகங்களில், ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எழுமாற்று எண்களின் சராசரியைக் கொண்டது. திரையில் 90 என்றிருப்பது அதனால் உண்மையில் 98ஐத் தொடும். எதிரியின் 10 வீதமோ இரண்டளவுக்குத் தேய்ந்துவிடும். ஆட்டக்காரன் மகிழ்கிறான். தன் மதிநுட்பமே வென்றதென்று நம்புகிறான்.

இம்மகிழ்ச்சியில் என்ன பிழை என்று கேட்கலாம். ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. மாணவன் மனம் நோகாதிருக்க விடைத்தாளில் அவனறியாமல் ஐந்து புள்ளி கூட்டிவிடுவது இரக்கமே. ஆயினும் எது பிழை என்பதை அறியும் வழியை அவ்விரக்கம் அவனிடமிருந்து பறித்துவிடுகிறது. மறைத்து வழங்கும் சலுகையில் ‘உண்மையை இவன் தாங்கமாட்டான்’ என்ற இகழ்ச்சி பதுங்கியிருக்கிறது.

சலுகையே ஆகாது என்பதன்று என் வாதம். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் ஒரு மணி நேரம் இலகுவாக ஆட விரும்பினால், அவனைக் கோழையென்பது வீண் வீறாப்பு. 2010இல் வந்த ‘பயர் எம்பிளம்’ பாகம், வீழ்ந்த வீரர் போர் முடிந்ததும் மீளும் வகையையும் வெளிப்படையாகவே அளித்தது. அதைத் தெரிந்தவன் எதைத் தெரிந்தான் என்பதை அறிவான். துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்று இவ்வாட்டங்களைக் காட்டி உபதேசிப்போரையும் நான் ஏற்கேன். விரும்பியபோது அணைத்துவிடக்கூடிய துன்பத்தையும், வாடகைக்கும் அரிசிக்கும் அல்லற்படுபவனின் துன்பத்தையும் ஒரே தராசில் வைப்பது கொடுமை.

எனில் எரிச்சல் எங்கே இன்பமாகிறது? 2018இல் வெளிவந்த ‘இன்டு த பிரீச்’ எட்டுக்கு எட்டுக் கட்டங்களே கொண்ட சிற்றாட்டம். எதிரி அடுத்து எங்கே தாக்குவான் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடுகிறது. நமது அடி தவறுவதேயில்லை. அப்படியிருந்தும் தோற்கிறோம், பலமுறை தோற்கிறோம். எரிச்சல் அங்கும் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த எரிச்சலோடு எழுந்துபோனவன் சாப்பாட்டின் முன்னிருந்தும் அக்கட்டங்களையே நினைக்கிறான்: இடப்பக்கத்து இயந்திரத்தை முதலில் நகர்த்தி, எதிரியை ஒரு கட்டம் தள்ளியிருந்தால், அவன் அடி அவன் தோழன்மீதே விழுந்திருக்குமே! சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.