மீதி 358 நாள்

மாசி மகத்துக்கு மறுநாள் விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முந்தின நாள் ஊரே அங்கேதான் நின்றது. முன்னோருக்குத் திதி கொடுக்கவும் பழமலைநாதரைக் கும்பிடவும் சுற்றுவட்டாரமெல்லாம் விடியலுக்கு முன்பே வந்து இறங்கி, சாயங்காலம் திரும்பிவிட்டது. வாழையிலை, எள், சோற்று உருண்டை, கழற்றிப் போட்ட வேட்டி துண்டு, பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் மணலில் கிடக்கின்றன. யாராவது எடுத்தாக வேண்டும். நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருவிழா நடக்கும் ஊர்களில் இந்த மாதிரி வேலைக்கு மாணவர்களையும் கூப்பிடுவது வழக்கம்தான். கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் சொல்வார்கள், மோர் ஊற்றச் சொல்வார்கள், மறுநாள் குப்பை பொறுக்கச் சொல்வார்கள்.

ஒரே மணலில் இரண்டு பேர் குனிந்து ஒரே குப்பையை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். தொப்பி போட்ட மாணவருக்குச் சான்றிதழ் உண்டு, செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் படம் வந்தாலும் வரும். பக்கத்தில் குனிந்திருக்கும் அம்மாவுக்கு நாளைக்கும் இதே வேலை. மாணவர் சேவைத் திட்டங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்த அம்மாவோடு அந்த மாணவர் ஒரு வார்த்தை பேசினாரா என்பதை வைத்தே ஒரு திட்டத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறேன்.

மாணவர்களைச் சமூகப் பணிக்கு அனுப்பும் யோசனை இந்தியாவில் திடீரென்று முளைத்ததல்ல. சுதந்திரம் வந்த கையோடு, 1948-49இல் அமைந்த ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு அதைப் பேசியது. பட்டம் வாங்குமுன் மாணவர்கள் கொஞ்சகாலம் சமூகப் பணி செய்தால் என்ன என்று 1958இல் நேரு மாநில முதல்வர்களைக் கேட்டார். இதற்குத் திட்டம் வகுக்க முன்னாள் நிதி அமைச்சர் தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று கல்வியாளர் சையிதைன் ஆராய்ந்து வந்தார். கட்டாயமாக்கலாமா, விருப்பத்துக்கு விடலாமா என்ற விவாதம் பத்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். பின்னால் அது நம் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, கூடவே தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாம்.

அந்த ஏழு நாளை நான் குறைத்துப் பேச மாட்டேன். அம்மா எடுத்துவைத்த தட்டில் மட்டுமே சாப்பிட்டுப் பழகிய பையன் ஐம்பது பேருக்கு வெங்காயம் உரிக்கிறான். பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்து, வேறு தெருப் பையனோடு ஒரே போர்வையில் தூங்குகிறான். பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் பேருந்து வருகிறது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. இவையெல்லாம் வகுப்பறையில் கிடைக்காதவை. ஆனால் அந்த ஊர்க்காரர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. முகாம் ஏழு நாள். ஆண்டுக்கு மீதி 358 நாள்.

மரக்கன்றையே எடுத்துக்கொள்வோம். காலாண்டு விடுமுறை முகாம் என்றால் கன்று நடாமல் முடியாது. நடுவதும் சரியான காலத்தில்தான், அடுத்து வடகிழக்குப் பருவமழை. தை வரை கன்று தளதளவென்று நிற்கும். அதற்குள் மாணவர்களுக்குத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. கடலூர் மாவட்டத்து வெயில் ஏறி, அக்கினி நட்சத்திரத்தில் மண் வெடிக்கும்போது கன்றுக்குக் குடம் தண்ணீர் வேண்டும். நட்டவர் கல்லூரி விண்ணப்பத்தோடு வேறு ஊரில் நிற்பார். அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த கன்று.

இந்த வட்டாரத்துக்கு மரத்தின் அருமையைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டியிலும் விருத்தாசலம் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அவற்றை மறுபடி எழுப்பியவர்கள் விவசாயிகள். முந்திரி ஒட்டுக்கன்று காய்க்க மூன்று ஆண்டாகும். விருத்தாசலத்திலேயே இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் நல்ல ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனாலும் முதல் இரண்டு கோடைகளைக் கன்று தாண்டியது, குடம் தூக்கிய கைகளால்தான். கன்று நடப் போகும் மாணவர் முதலில் அந்தக் கைகளுக்கு உரியவரிடம் போய், எந்த மரம் வேண்டும், எங்கே வேண்டும், சித்திரையில் யார் தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டால், நூறு கன்றுக்குப் பதில் ஒருவேளை பத்துதான் நடுவார். பத்தும் பிழைக்கும்.

சுந்தரர் திருமுதுகுன்றம் என்ற இதே விருத்தாசலத்தில் வாங்கிய பொன்னை இந்த மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஊர்க் கதை. அவருக்குக் கிடைத்தது. நாமோ வியர்வையை ஒரு கிராமத்தில் சிந்திவிட்டு, பலனைப் பள்ளியின் பதிவேட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை மணி நேரம், எத்தனை கன்று, எத்தனை படம் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுத அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வெளியூருக்குப் போகுமுன் சொந்தப் பள்ளியைப் பார்ப்போம். விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கப் பக்கத்து வெள்ளைக் களிமண் இங்கே வந்து பொம்மையாகிறது, மின்சார பியூஸ் கட்டையாகிறது, ஊறுகாய் ஜாடியாகிறது, கழிப்பறைக் கோப்பையாகவும் ஆகிறது. கோப்பை சுடுகிற ஊரிலும் சரி, வேறு எந்த ஊரிலும் சரி, அரசுப் பள்ளிக் கழிப்பறையின் சிக்கல் கோப்பையில் இல்லை. குழாயில் தண்ணீர் வர வேண்டும். கழுவ ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மரியாதையான சம்பளம் வேண்டும். தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். சேவைத் திட்டம் என்றதும் அந்தப் பிள்ளைகளைக் கேட்காமல் சுவரில் விழிப்புணர்வு வாசகம் எழுதுகிறோம்.

கழிப்பறை என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. பிள்ளைகளை வேலை வாங்குவது பற்றி இந்த மண்ணுக்கு ஒரு கசப்பான நினைவு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. அப்பனின் தொழில்தான் பிள்ளைக்கும் என்று சாதியைக் கல்வியால் இறுக்கப் பார்க்கிறார்கள் என்று தமிழகம் கொதித்தது. அடுத்த ஆண்டு காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுக் கழிப்பறை கழுவச் சொன்ன செய்திகளை இந்த நூற்றாண்டிலும் படிக்கிறோம். ஆகவே சேவையில் துடைப்பம் யார் கையில் போகிறது என்பதை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லோருக்கும் முறை வர வேண்டும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கும், ஆசிரியருக்கும். வேலை வரிசை சாதி வரிசையாக மாறுகிற இடத்தில் முகாமையே நிறுத்திவிடலாம். நட்டம் ஒன்றுமில்லை.

கேட்பது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வெளிநாட்டில் பழைய சாட்சி இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து, 1920இல் சுவிட்சர்லாந்துக்காரர் பியர் செரசோல் பல நாட்டு இளைஞர்களோடு பிரான்சில் வெர்தன் அருகே எஸ்னே என்ற சிதைந்த கிராமத்துக்கு வீடு கட்டப் போனார். அந்தக் கூட்டத்தில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். சில மாதங்களில், ஜெர்மானியர் கை தங்கள் மண்ணில் படுவதை ஊர் விரும்பவில்லை என்று தெரிந்தது. பணியை நிறுத்திவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். நல்ல எண்ணத்துக்கு அங்கே குறைவில்லை. ஆனாலும் உதவியை ஏற்பதா மறுப்பதா என்று சொல்லும் உரிமை அடிபட்ட ஊருக்குத்தான் இருந்தது. அதே செரசோல் 1934 பூகம்பத்துக்குப் பிறகு பீகாருக்கு வந்து கிராமங்களை மறுபடி கட்டும் வேலையில் நின்றார்.

கேட்டுப் பழக எஸ்னே வரை போக வேண்டியதில்லை, விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கார்த்திகைக்கு முன்னால் அங்கே அகல் விளக்கு வேலை மும்முரமாக நடக்கும். அச்சில் அழுத்தி எடுப்பதும், வெயிலில் காயவைப்பதும், விளிம்பைச் சீவுவதும் பெரும்பாலும் பெண்கள். அரைத்த கல்மாவின் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது என்று உயிரியல் படிக்கும் மாணவருக்குத் தெரியும். காய்ந்த தரையைப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்கினாலே பாதித் தொல்லை குறையும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லவாவது போகலாமே என்று தோன்றும். போகலாம். போனால் சொல்வதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க நேரிடும். அந்த விரல்கள் ஓர் அகலை அச்சிலிருந்து எடுக்கும் வேகத்தைப் பார்க்கும்போது, போன கார்த்திகைக்குத் தன் வீட்டு வாசலில் எரிந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வந்துவிடும். அது நின்றுவிடுகிற கேள்வி இல்லை. காலையில் குடித்த தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றிவிட்டவர் யார்? தெருக் குப்பை எங்கே போயிற்று? சத்துணவு முட்டையை நேற்று அவித்தவர் யார்?

சேவை செய்யக் கிளம்பிய பிள்ளை இந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். பிறந்ததிலிருந்து இந்த ஊர் தனக்குச் சேவை செய்துகொண்டிருந்திருக்கிறது, தன் ஏழு நாள் அந்தக் கடனில் ஒரு சிறு தவணை என்று அதற்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு நடை மாறிவிடும். ஆற்றங்கரையில் அந்த அம்மாவிடம் போய், “அக்கா, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?” என்று கேட்கும். அவர் சொல்கிற இடத்தில் குனியும். எதைப் பொறுக்கலாம், எதில் கண்ணாடி இருக்கும், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அந்த அறிவுக்கு முன்னால் மாணவராக நிற்பதுதான் முறை.

இதைத் திட்டமாக எழுத முடியுமா என்றால், முடியும். காலாண்டு விடுமுறை முகாம் பெரும்பாலும் அக்டோபர் 2ஐ ஒட்டி வருகிறது. அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை. முகாமின் முதல் மூன்று நாளை வேறு எதிலும் செலவழிக்காமல் வீடு வீடாகக் கேட்பதற்கே வைக்கலாம். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர், எந்தத் தெருவுக்கு விளக்கில்லை, அங்கன்வாடிக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று எண்ணி, அளந்து, ஒரு தாளில் கொண்டுவரலாம். எண்ணவும் எழுதவும் மாணவர்களுக்கு நன்றாக வரும். சபையில் பேசும் உரிமை வாக்காளருக்கு. பிளஸ் டூ பிள்ளைகள் பலருக்கு இன்னும் ஓட்டே இல்லை. அதனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து பேச வேண்டியவர் அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கும் பெண்தான். மாணவர்கள் ஓரமாக உட்கார்ந்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். அடுத்த கிராம சபை நவம்பர் 1, அதற்கடுத்தது ஜனவரி 26. அந்த இரண்டு நாளும் எந்தப் பிளஸ் ஒன் மாணவர்கள் மறுபடி அந்த ஊருக்குப் போய் விசாரிப்பது என்பதை, முகாமின் ஏழாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேர் எழுதி முடித்துவிட வேண்டும்.