எண்ணப்படுதலும் அறியப்படுதலும்

சித்தேரி மலையிலிருந்தும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலிருந்தும் மருத்துவம் தேடி அரூருக்கு இறங்கி வரும் மக்களின் கையில், ஊர் திரும்பும்போது பெரும்பாலும் ஒரு சீட்டு இருக்கும். நான்காக மடித்து, முந்தானை முடிச்சிலோ சட்டைப் பையிலோ பத்திரப்படுத்திய இரத்தப் பரிசோதனைச் சீட்டு அது. அதைப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதிலுள்ள ஓர் எண்ணை மட்டும் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். "ரத்தம் எட்டு பாயிண்டுதான் இருக்குதாமுங்க" என்று கருவுற்ற பெண்ணொருத்தி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதைப் பேருந்து நிலையத்தில் நாம் கேட்டிருக்கலாம். டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலத்திலோ தட்டணுக்களின் எண்ணிக்கையே வீடுதோறும் பேச்சாகிவிடுகிறது. அது ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வீட்டில் எவருக்கும் உறக்கம் இல்லை.

நம் உடலின் மிகச் சிறிய கூறுகள் எண்ணப்படுகின்றன. அந்த எண்ணைக் கொண்டு நம்மைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இதனால் விளையும் நன்மையை மறுப்பார் இல்லை. ஆயினும் ஒரு கேள்வி நம் உள்ளத்தில் எழாமல் இருப்பதில்லை. எண்ணப்பட்டவர் அறியப்பட்டவர் ஆகிவிடுவாரா?

இரத்தத்தின் உயிரணுக்களை முறைப்படி எண்ணிக் காட்டிய முதல் மருத்துவ அறிஞர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஃபியரோர்ட். ஆண்டு 1852. அதன் பின் கோடுகள் கீறிய கண்ணாடித் தட்டு ஆய்வகங்களுக்கு வந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட சதுரம். அதன்மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்குத் திரவம். அச்சதுரத்துக்குள் தென்படும் அணுக்களை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொன்றாக எண்ணிப் பத்தாயிரத்தால் பெருக்கினால், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்பது கிடைக்கும். உயிருள்ளதையும் இறந்ததையும் பிரித்தறிய டிரைபான் நீலம் என்னும் சாயத்தைச் சேர்ப்பார்கள். இறந்த அணு நீலத்தை உள்ளே விட்டுவிடும். உயிருள்ளது அதை வெளியே நிறுத்திவிடும். இன்றும் பல கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் கண் வலிக்க இவ்வாறு எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மனிதக் கண் களைக்கும் என்பதால் இயந்திரம் வந்தது. 1953இல் அமெரிக்காவில் வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்ற கருவியில், மின்னோட்டம் பாயும் நுண்துளை வழியாக அணுக்கள் ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும். கடக்கும் ஒவ்வோர் அணுவும் மின்னோட்டத்தைச் சற்றே தடுக்கும். அந்தத் தடையே ஒரு கணக்கு. பின்னர் வந்த வேறு கருவிகளில் அணுக்கள் லேசர் ஒளியின் முன்னே ஆறுபோல் ஓடின. நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ண முடிந்தது. ஆனால் ஓடிய அணு ஓடியதுதான். அது விட்டுச்சென்றது ஒரு துடிப்பு மட்டுமே. அதன் உருவத்தை எவரும் பார்க்கவில்லை.

இன்று ஆய்வகங்களில் பரவியிருக்கும் இமேஜ் சைட்டோமெட்ரி, அதாவது படத்தின் வழியாக உயிரணுக்களை அளக்கும் முறை, இந்த இடத்தில் வேறுபடுகிறது. அணுக்களைத் தட்டில் பரப்பி, உட்கரு ஒளிருமாறு சாயமிட்டு, நுண்ணோக்கியோடு இணைந்த புகைப்படக் கருவியால் படமெடுக்கிறார்கள். கணிப்பொறி ஒவ்வோர் அணுவின் எல்லையையும் வரைந்து, எண்ணிக்கையையும் பரப்பையும் வடிவத்தையும் ஒளியின் அளவையும் கணக்கிட்டுத் தருகிறது. வேகத்தில் இது ஓடும் அணுக்களின் கருவிக்கு ஈடாகாமல் போகலாம். ஆனால் கணக்கில் ஐயம் எழுந்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் படத்துக்குத் திரும்பிச் சென்று, குறிப்பிட்ட அந்த ஓர் அணுவையே மீண்டும் பார்க்க முடியும்.

திரும்பிப் பார்ப்பது ஏன் தேவைப்படுகிறது? தட்டணுக்களையே எடுத்துக்கொள்வோம். சிலருடைய இரத்தம், சோதனைக் குழாயில் உறையாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் மருந்தின் காரணமாகவே, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. இயந்திரம் அந்தத் திரளைத் தட்டணுக்களாகக் காண்பதில்லை; எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிடுகிறது. நோயில்லாதவர் நோயாளி ஆகிறார். ஆய்வகப் பணியாளர் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துத் தம் கண்ணால் பார்த்துவிட்டால், உண்மை உடனே விளங்கிவிடும். படத்தை எண்ணும் கணிப்பொறிக்கும் இத்தகைய பிழைகள் உண்டு. ஒட்டிய இரண்டை ஒன்று என்று கொள்ளும். தூசியை அணு என்று கொள்ளும். சாயம் சரியாக ஏறாத அணுவைக் காணாமலே விட்டுவிடும். எது அணு, எது தூசி என்னும் வரம்பை முதலில் வகுத்துக் கொடுப்பவர் மனிதரே. ஆகவே கணிப்பொறி சொன்ன எண்ணுக்கும் பொறுப்பாளி மனிதரே.

வரம்பு வகுப்பது எவ்வளவு பாரமான செயல் என்பதை நம் மாநிலத்தின் அண்மைக்கால வரலாறே கற்பிக்கிறது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி நுழைந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தொடக்கத்தில் அதற்கென அமைந்த சில மையங்களுள் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அரூர்ப் பகுதியிலிருந்து அங்கே போய்ச் சேரப் பகற்பொழுதின் பெரும்பகுதி பேருந்திலேயே கழிந்துவிடும். அவ்வாறு சென்றவருக்கு மருந்து உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது ஓர் எண்ணிக்கை. சி.டி. 4 எனப்படும் வெள்ளணுக்கள் நலமுள்ளவரின் இரத்தத்தில் ஒரு கனமில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். அது 200க்குக் கீழே இறங்கியவருக்கு மருந்து. 210 உள்ளவர் வீடு திரும்பிக் காத்திருக்க வேண்டும்.

இவ்வரம்பை வகுத்தவர்களை நாம் குறை கூறவில்லை. மருந்து அரிதாக இருந்த காலத்தில், சாவின் விளிம்பில் நிற்பவர் முதலில் காப்பாற்றப்பட வேண்டும் என்று எண்ணியது அறமே. ஆனால் அந்த எண் இயற்கை எழுதிய சட்டமாக இருக்கவில்லை என்பதைக் காலம் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வரம்பை 350 ஆக உயர்த்தியது. 2013இல் 500 ஆக்கியது. 2015இல் வரம்பையே நீக்கி, கிருமி உள்ள அனைவருக்கும் மருந்து என்றது. 2017இல் இந்தியாவும் அதை ஏற்றது. இந்த ஆண்டுகளில் உயிரணுக்களின் இயல்பு மாறிவிடவில்லை. மாறியவை நம் அறிவும், நம் கையிருப்பும், நம் மனத்துணிவும். 210 என்ற சீட்டோடு திரும்பிப் போனவர் அன்றும் அதே மனிதர்தாம்.

இக்கதையில் படவழி எண்ணுதலுக்கும் ஓர் இடம் உண்டு. பெரிய கருவிகள் பெருநகரங்களில் இருந்தன. இரத்தம் அங்கே போய் முடிவு திரும்பி வருவதற்குள், உலகின் பல ஏழை நாடுகளில் நோயாளிகள் பலர் திரும்பி வராமலே போனார்கள். பின்னர் பிமா என்னும் சிறு பெட்டி வந்தது. விரல் நுனியிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தை உள்ளே வைத்தால், பெட்டிக்குள் இருக்கும் புகைப்படக் கருவி அணுக்களைப் படமெடுத்து, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் எண்ணிக்கையைச் சொல்லிவிடும். எண்ணுபவரும் எண்ணப்படுபவரும் ஒரே அறையில் அமர்ந்திருக்க அது வழி செய்தது. தொழில்நுட்பம் அறத்துக்குத் துணை வரக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

விவிலியத்தில் எண்ணிக்கை என்ற பெயரிலேயே ஒரு நூல் இருக்கிறது. ஆகவே எண்ணுதல் தன்னளவில் பாவமன்று. ஆனால் சாமுவேல் இரண்டாம் நூலில் தாவீது அரசர் தம் குடிகளைக் கணக்கெடுத்தபோது அது பாவமாயிற்று. யோவாபு தடுத்தும் அவர் கேட்கவில்லை. வாளேந்தும் ஆண்கள் எத்தனை பேர் என்று அறிவதே அவருடைய நாட்டமாக இருந்தது. அவர் எண்ணியது தம் வலிமையை. லூக்கா நற்செய்தியில் வரும் ஆயனும் எண்ணுகிறார். நூறு என்று இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்பது என்று கண்டதால்தான் ஒன்று காணாமற்போனதை அவர் அறிகிறார். எண்ணாத ஆயன் தேடவும் மாட்டார். அரசரின் கணக்கு அவரிடமே முடிந்துவிட்டது. ஆயனின் கணக்கு அவரை எழுந்து நடக்கச் செய்தது. தலைமுடிகளின் கணக்கும் வானகத் தந்தையிடம் உண்டு என்று இயேசு பெருமான் கூறியதும் அஞ்சியிருந்தவர்களுக்கு ஆறுதலாகத்தான்.

ஆய்வகத்தில் தாவீதின் கணக்கு நிகழ்ந்ததும் உண்டு. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய், புற்றுநோயால் தமது 31ஆம் வயதில் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வகக் குடுவையில் சாகாமல் பெருகின. ஹீலா என்ற பெயரில் அவை உலகெங்கும் சென்றன. போலியோத் தடுப்பூசி ஆய்வுக்குப் பயன்பட்டன. இன்றளவும் கோடிக்கணக்கில் எண்ணப்பட்டும் படமெடுக்கப்பட்டும் வருகின்றன. அந்த அணுக்களின் பரப்பையும் வடிவத்தையும் நுணுக்கமாக அறிந்த அறிவியல் உலகம், அவற்றுக்குரிய பெண்ணின் பெயரைக்கூட நெடுங்காலம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய குடும்பத்தினருக்குச் செய்தி தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. அந்த அணுக்களால் பொருளீட்டிய நிறுவனம் ஒன்று அக்குடும்பத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது 2023இல்தான். அணுக்கள் அத்தனை துல்லியமாக எண்ணப்பட்டன. அவற்றின் தாய் அறியப்படவில்லை.

இதற்கு மறுபக்கத்தைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1993இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் சிட்லிங்கிக்கு வந்து, ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களும் எண்ணினார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன என்பது அன்றைய கணக்கு. அந்த எண் ஓர் அறிக்கையோடு நின்றுவிடவில்லை. மலைவாழ் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். அவர்கள் தத்தம் ஊர்களில் கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் நேரில் கண்டு கவனித்தார்கள். பின்னாளில் அந்த எண் பெரிதும் குறைந்தது. அவர்களுக்கு ஒவ்வோர் எண்ணும் ஒரு வீட்டின் குழந்தையாக இருந்தது.

எனவே எண்ணும் பணியில் இருக்கும் நம் இளைஞர்களுக்கும், அவர்களிடம் இரத்தம் கொடுக்கும் நமக்கும் சில கடமைகள் உண்டு. ஒருவரின் அணுக்களை ஆய்வுக்கு எடுக்குமுன், அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லி இசைவு பெற வேண்டும். ஐயம் எழும்போது எண்ணோடு நின்றுவிடாமல், படத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும். வரம்பு ஒன்று வகுத்தால், அதற்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவரின் கணக்கு மற்றவரின் பேச்சுக்குப் பொருளாகாமல் காக்க வேண்டும். முடிவைச் சீட்டில் எழுதித் தருவதோடு, அதன் பொருளை வாய்திறந்து சொல்லவும் வேண்டும்.

அரூரிலிருந்து மாலைப் பேருந்தில் மலையேறும் அந்தத் தாய்க்கு, "எட்டு" என்ற எண் மட்டும் தெரிந்தால் அது அச்சமாகவே உடன் செல்லும். "உங்களுக்கு இரத்தம் குறைவாக இருக்கிறதம்மா, இந்த மாத்திரையை இவ்வளவு நாள் சாப்பிடுங்கள், கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம்" என்று ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அவர் அறியப்பட்டவராக வீடு திரும்புகிறார். அடுத்த மாதம் அவர் வராவிட்டால், வரவில்லையே என்று ஒருவர் கேட்கவும் வேண்டும். நம்மிடம் எதிர்பார்க்கப்படும் கணக்கு அதுவே.