மறந்தார்க்குச் செய்யுந் தீங்கு

மறதிநோயால் அறிவு தளர்ந்த முதியோரிடத்துக் கடுஞ்சொற் கூறிவிட்டு, "அவர் சற்று நேரத்தில் மறந்துவிடுவார், ஆதலாற் குற்றமில்லை" என்று தம்மைத் தேற்றிக்கொள்வார் பலர். மறக்கப்படுந் தீங்கு தீங்காகுமா, ஆகாதா என்பது ஆராயத்தக்கது.

இந்நோயின் இயல்பை யேர்மனி நாட்டு வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவர், இறந்த நோயாளியின் மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தே அதனைக் கண்டார். இக்காலத்தாரோ, எம்.ஆர்.ஐ. என்னுங் காந்த அதிர்வுப் படத்தினால், உயிரோடிருப்பவரின் மூளையையே காண்கின்றனர். புதிய முகமொன்றைக் காட்டி, அதனை நினைவிற் கொள்ளச் சொல்லுங்கால், நலமுடையார் மூளையிலே கிப்போகாம்பசு என்னும் பகுதியிற் குருதியோட்டம் மிகும். நோய் முற்றியவரிடத்து அம்மிகுதி குன்றும். அப்பகுதி சுருங்குதலையும் படங் காட்டும். ஆகவே, அவர் நம் முகத்தை மறத்தல் அன்பின்மையன்று, கருவியின் தளர்ச்சியேயாம்.

நினைவு தளர்ந்தால் உணர்ச்சியுந் தளர்ந்துவிடுமோவெனின், விடாது. 2014ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள அயோவாப் பல்கலைக்கழகத்தார், அல்சைமர் நோயாளர் 17 பேருக்கு மகிழ்ச்சி தருங் காட்சிகளையுந் துயரந் தருங் காட்சிகளையுந் திரைப்படமாகக் காட்டினர். சில நிமிடங்களுள் அவர்கள் கண்டவற்றிற் பெரும்பாலனவற்றை மறந்தனர். ஆயின், அக்காட்சிகள் எழுப்பிய மகிழ்ச்சியுந் துயரமும் உடனே நீங்கவில்லை. காட்சியை மிகக் குறைவாக நினைந்தவரிடத்தே துயரம் நெடிது நின்றது.

இதனால் அறியத்தக்கது யாது? காரணத்தை அறிந்து வருந்துபவன் முறையிடலாம். பிறர் பிழையைப் பொறுத்தலுஞ் செய்யலாம். காரணத்தை மறந்து வருந்துபவனுக்கு இவ்விரண்டும் இல்லை. அவன் ஏன் வருந்துகின்றானென்பதை அவனும் அறியான். ஆதலின், மறப்பவனுக்கு இழைக்குந் தீங்கு சிறிதாவதன்று, பெரிதாகின்றது. சாட்சியில்லாமையாற் களவு களவன்றாகிவிடுமா? அவ்வாறே, மறக்கப்பட்டமையால் தீங்கு அறமாகிவிடாது.

இவ்வாறே, மறக்கப்பட்ட நன்மையும் வீணாவதில்லை. வந்து கண்ட பேரனை மறந்த பின்னரும், அவன் வரவினாலாய மகிழ்ச்சி பாட்டியின் உள்ளத்திற் சிறிது நேரம் நிற்றல் கூடும்.

ஆசிரியர்களே, இத்தகைய முதியோர் உள்ள வீடுகளிலிருந்தும் மாணாக்கர் உங்களிடம் வருகின்றனர். "நான் யார், சொல்லுங்கள்" என்று முதியோரைப் பரீட்சை செய்தலாகாதென அவர்களுக்குக் கற்பியுங்கள். "பாட்டி, நான் உங்கள் பேரன்" என்று தாமே முற்படச் சொல்லி, அருகிருந்து இன்சொற் பேசுதலே முறையென உணர்த்துங்கள். நினைக்கும் வன்மை அவரிடத்துக் குறையுமிடத்து, இருவருக்குமாக நினைத்தல் வன்மையுடைய நமது கடமையாகும்.